அலுமினியத்தில் கார்பன் நானோகுழாய் கலந்தால் பலம் இரண்டு மடங்கு ஆகுமா?

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2024

அண்ணா, கோவையில் சின்னதாக அலுமினிய வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறேன். எல்எம்25 என்ற சிலிக்கான் கலந்த அலுமினியக் கலவையில் பிராக்கெட் ஊற்றுகிறோம். ஒரு வியாபாரி வந்து கார்பன் நானோகுழாய் பொடி தருவதாகச் சொல்கிறார். உருகிய உலோகத்தில் ஒரு சதவீதம் போட்டுக் கிளறினால் பலம் இரண்டு மடங்காகும், அதனால் பாகத்தை மெல்லிசாக ஊற்றலாம், எடை குறையும் என்கிறார். கிராஃப் எல்லாம் காட்டினார். அந்தக் காலத்து வாளிலேயே இது இருந்தது, நம் ஆட்கள் அப்போதே செய்துவிட்டார்கள் என்றும் சொன்னார். வாங்கலாமா?

3 பிப்ரவரி, இரவு

வாங்க வேண்டாம். குறைந்தது நீங்கள் சொன்ன முறைக்கு வேண்டாம்.

கார்பன் நானோகுழாய் என்பது கார்பன் அணுக்களால் ஆன, கண்ணுக்கே தெரியாத மெல்லிய குழாய். உருகிய அலுமினியம் அதை நனைக்காது, அதாவது அதன் மேல் ஒட்டிப் பரவாது. 1994-இல் டுஜார்டின், எபெசன் குழுவினர் எந்தெந்த உருகிய பொருள் இந்தக் குழாய்களை நனைக்கிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். கந்தகம், செலினியம், சீசியம் நனைத்தன. பரப்பு இழுவிசை ஓர் எல்லைக்குக் கீழே இருக்கும் திரவம்தான் நனைக்கும், அந்த எல்லை மீட்டருக்கு 100 முதல் 200 மில்லிநியூட்டனுக்குள் எங்கோ இருக்கிறது என்று கண்டார்கள். உருகிய அலுமினியத்துக்கு அது 800-க்கு மேல். அதனால் பொடி உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். குழாய் அலுமினியத்தைவிட இலேசானது வேறு. காற்றில் 500, 600 டிகிரியிலேயே எரிய ஆரம்பிக்கும். உங்கள் மூசையின் வாயில் 700-க்கு மேல் இருக்குமே? பாதி எரிந்துபோகும், மீதியைக் கசடோடு வழித்துப் போடுவீர்கள்.

4 பிப்ரவரி

"அப்படியானால் ஆய்வுக்கூடங்களில் மட்டும் எப்படிக் கலக்கிறார்கள்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

உருக்காமல், பொடியும் பொடியுமாகக் கலப்பார்கள். அலுமினியத்தில் இதை முதலில் செய்து காட்டியவர்களில் ஜப்பானின் குசுமாகி குழு முக்கியமானது, 1998. பொடியைச் சூட்டில் அழுத்தி, பிறகு எக்ஸ்ட்ரூஷன், அதாவது அச்சுத் துளை வழியே பிதுக்குவது. இன்றுவரை பெரும்பாலும் அதே வழிதான். பால் மில்லில் (குண்டுகள் உருளும் ஜாடியில்) அரை, அழுத்து, சின்டரிங் செய் (உருக்காமல் சூட்டில் பொடியை ஒட்டவை), எக்ஸ்ட்ரூட் செய்.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது இதே வேலையில்தான் கிடந்தேன். நானோகுழாய்ப் பொடியைக் கையில் எடுத்தால்தான் சிக்கல் என்னவென்று தெரியும். கரி மாதிரிக் கறுப்பு, ஆனால் எடையே இருக்காது. ஸ்பேச்சுலாவில் அள்ளினால் பாதி கையுறையில் ஒட்டிக்கொள்ளும், மீதி தராசின் கண்ணாடிச் சுவரில் போய் அப்பிக்கொள்ளும். நுண்ணோக்கியில் தனித்தனிக் குழாயாகவே தெரியாது, வாரம் முழுக்கச் சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும். ஒன்றையொன்று வான்டர்வால்ஸ் விசை என்ற நுண்ணிய ஈர்ப்பால் கவ்விக்கொண்டிருக்கின்றன. அந்த உருண்டை அப்படியே உலோகத்துக்குள் போனால் அது வலுவூட்டல் இல்லை, பஞ்சு அடைத்த ஓட்டை. விரிசல் அங்கேதான் தொடங்கும்.

அதைப் பிரிக்கத்தான் பால் மில். எஃகு ஜாடியில் எஃகுக் குண்டுகள், ஆர்கான் வாயு, கொஞ்சம் ஸ்டியரிக் அமிலம். அமிலம் போடாவிட்டால் அலுமினியம் குண்டிலும் சுவரிலும் குளிர்நிலையிலேயே பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும், உளி வைத்துப் பெயர்க்க வேண்டும். ஜாடியைத் திறப்பதிலும் கவனம் தேவை. புதிதாக உடைந்த அலுமினியப் பரப்பு காற்றுக்குக் காத்திருக்கும். ஒருமுறை மூடியை அவசரமாகத் திறந்தபோது பொடியின் மேல் சிவப்பாக ஒரு புள்ளி கிளம்பி விளிம்புவரை ஓடியது. உடனே மூடி ஆர்கானை விட்டதால் தப்பித்தோம். அலுமினியப் பொடி நெருப்புக்கு மணல்தான் போட வேண்டும், தண்ணீர் கூடவே கூடாது.

4 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

எடை சதவீதமா, கன அளவு சதவீதமா என்பதை எப்போதும் கேளுங்கள். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, பலசுவர்க் குழாய்க்கு (ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர் கொண்டது) ஏறக்குறைய 2. எடையில் 1% என்றால் கன அளவில் 1.3%, பெரிய வித்தியாசம் இல்லை. செம்பின் அடர்த்தி கிட்டத்தட்ட 9. அங்கே எடையில் 1% என்றால் கன அளவில் 4%-க்கு மேல். ஒரே "ஒரு சதவீதம்", ஆனால் உள்ளே இருக்கும் குழாய் மூன்று மடங்கு.

6 பிப்ரவரி

வியாபாரியின் கிராஃப் பற்றி. அவர் காட்டியது எப்படி வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2000-இல் அமெரிக்காவில் ராட்னி ரூஃப் குழு பலசுவர்க் குழாய்களை ஒவ்வொன்றாக இழுத்து அறுத்துப் பார்த்தது. வெளிச்சுவரின் வலிமை 11 முதல் 63 கிகாபாஸ்கல். நடுவில் 30 என்று வைத்துக்கொள்வோம். அலுமினியத்தில் கன அளவில் 1% கலந்தால், 30,000 மெகாபாஸ்கலில் நூற்றில் ஒன்று, 300 மெகாபாஸ்கல் கூடுகிறது. எல்எம்25 வார்ப்பை மணலில் ஊற்றி அப்படியே சோதித்தால் 130 முதல் 150 வரும். ஆக இரண்டு மடங்கு என்ன, மூன்று மடங்கே ஆகிவிட்டது. கிராஃப் தயார்.

இந்தக் கணக்கு சரியாக இருக்க எல்லாக் குழாயும் இழுக்கும் திசையிலேயே படுத்திருக்க வேண்டும், முடிவில்லாத நீளம் இருக்க வேண்டும். உண்மையில் உலோகம் குழாயின் பக்கவாட்டை வழுக்குவிசையால் பிடித்து இழுத்துத்தான் சுமையை ஏற்றுகிறது. குழாய் அறுந்துபோகும் அளவுக்குச் சுமை ஏற வேண்டுமானால் அதற்கு ஒரு குறைந்தபட்ச நீளம் தேவை. குழாயின் வலிமையை விட்டத்தால் பெருக்கி, பிடிமான வலிமையின் இரு மடங்கால் வகுத்தால் அந்த நீளம் கிடைக்கும். விட்டம் 20 நானோமீட்டர், அலுமினியத்தின் பிடிமானம் 50 மெகாபாஸ்கல் என்றால் 6 மைக்ரான். மில்லில் அடிபட்ட குழாய்கள் ஒரு மைக்ரான் இருந்தாலே அதிகம். ஒரு மைக்ரான் குழாயில் சராசரியாக ஏறும் சுமை 2,500 மெகாபாஸ்கல்தான். அதில் நூற்றில் ஒன்று 25 மெகாபாஸ்கல். குழாய்கள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடந்தால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

300 என்று தொடங்கியது 5-இல் வந்து நிற்கிறது.

ரூஃப் குழு இன்னொன்றையும் பார்த்தது. வெளிச்சுவர் அறுந்ததும் உள்சுவர்கள் உறையிலிருந்து வாளை உருவியதுபோல் வழுக்கி வெளியே வந்துவிட்டன. உலோகம் பிடித்திருப்பது வெளிச்சுவரை மட்டும். உள்ளே இருக்கும் சுவர்கள் கூட்டத்தில் நிற்கின்றன, சுமை தூக்குவதில்லை.

7 பிப்ரவரி

மேலே உள்ள 5 மெகாபாஸ்கலை ஒரு நண்பர் கடுமையாக எதிர்க்கிறார். எக்ஸ்ட்ரூஷனில் குழாய்கள் ஓரளவு ஒரே திசைக்குத் திரும்பிவிடும், அதனால் 5 என்பது அநியாயம் என்கிறார். சரி, நியாயமான வாதம். நல்ல எக்ஸ்ட்ரூஷன் என்றால் 15, 20 என்று வைத்துக்கொள்கிறேன். வார்ப்பில் அந்தத் திருப்பமும் கிடையாது.

அவருடைய அடுத்த கேள்விதான் முக்கியமானது. "கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் எசாவி குழு 2010-இல் 5% வரை கலந்து 50% வலிமை கூட்டியதே, அது எங்கிருந்து வந்தது?"

என் நெடுநாள் ஆதங்கம் இதில்தான் இருக்கிறது. அரைத்த பொடி என்றாலே அதன் படிகத் துகள்கள் நசுங்கிச் சிறுத்துவிடும். துகள் சிறுத்தால் உலோகம் கடினமாகும். ஹால்-பெட்ச் விதி, எல்லா உலோகவியல் மாணவருக்கும் முதல் ஆண்டுப் பாடம். ஸ்டியரிக் அமிலத்தின் கார்பனும் பொடியின் மேல் இருந்த ஆக்சைடு தோலும் உள்ளே நுண்துகளாகச் சிதறி இன்னும் கொஞ்சம் கூட்டும். குழாயே போடாமல் வெறும் அலுமினியத்தை அதே நேரம், அதே குண்டு, அதே அமிலம் வைத்து அரைத்தாலும் வலிமை எகிறும். எங்கள் கூடத்திலும் அப்படித்தான் வந்தது. குழாய் இல்லாத அரைத்த மாதிரிக்கும் குழாய் போட்டதற்கும் இடையில் மிஞ்சிய வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அதனால் எந்தக் கட்டுரையைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது அந்த ஒப்பீட்டு மாதிரியைத்தான். சும்மா வாங்கிய, அரைக்காத அலுமினியத்தோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் வலிமை எண்ணை நம்ப மாட்டேன்.

ஆனால் கெய்ரோ முடிவை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. அவர்கள் விறைப்பும் 23% வரை கூடியதாகக் காட்டினார்கள். விறைப்பை அளக்கும் யங் குணகம் துகள் அளவைப் பொருட்படுத்தாது, எவ்வளவு அரைத்தாலும் அலுமினியம் 70 கிகாபாஸ்கல்தான். அது கூடியிருக்கிறது என்றால் உள்ளே இருக்கும் பொருள் ஏதோ உண்மையாகவே தாங்கியிருக்கிறது. முழுக்கணக்குப்படி எடையில் 5% குழாய்க்கு விறைப்பு 80%-க்கு மேல் கூட வேண்டும், கிடைத்தது 23. வலிமையைவிட விறைப்பைத்தான் நான் சாட்சியாக எடுத்துக்கொள்வேன்.

7 பிப்ரவரி, இரவு

இதைப் பற்றிப் படிக்க விரும்புவோருக்கு: ஃபுளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து பக்ஷி, லஹிரி, அகர்வால் மூவரும் 2010-இல் எழுதிய நீண்ட மதிப்பாய்வு இருக்கிறது. அதுவரை வந்த உலோகம்-நானோகுழாய் ஆய்வுகளை ஒவ்வொரு உலோகமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். பக்ஷி பிறகு சென்னை ஐஐடிக்கு வந்துவிட்டார்.

9 பிப்ரவரி

கேள்வி கேட்ட தம்பி, வியாபாரி மாதிரிப் பை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனதாக இன்று எழுதியிருக்கிறார். பையைத் திறந்த வெளியில் பிரிக்காதீர்கள். பட்டறையில் மின்விசிறி ஓடும்போது பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

2008-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் நீளமான பலசுவர்க் குழாய்களை எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்தியபோது ஆஸ்பெஸ்டாஸ் செய்யும் அதே வகை அழற்சி வந்தது. 2014-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதில் ஒரு குறிப்பிட்ட வகையை, புற்றுநோய் தரக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. மற்ற வகைகளுக்குப் போதுமான சான்று இல்லை என்றது. அமெரிக்காவின் தொழிலிட நல நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு, கன மீட்டர் காற்றில் ஒரு மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரிகிற தூசி இருந்தாலே அந்த அளவு எப்போதோ தாண்டிவிட்டது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. உங்களுக்குப் பொடி கொட்டுகிற பையன் யாரோ, அவனை நினைத்துத்தான் சொல்கிறேன்.

11 பிப்ரவரி

"நனைக்காது என்றீர்கள், ஆனால் வினைபுரிந்து கார்பைடு ஆகிவிடும் என்றும் படித்தேனே. இரண்டும் எப்படி?"

கார்பைடு என்பது உலோகமும் கார்பனும் வினைபுரிந்து உண்டாகும் சேர்மம். நேரமும் சூடும்தான் வித்தியாசம். குறையில்லாத குழாய்ச் சுவர் சுலபத்தில் வினைபுரியாது. அடிபட்டு உடைந்த இடங்களும் திறந்த முனைகளும் முதலில் பலியாகும். சின்டரிங் சூட்டில் அங்கே அலுமினியம் கார்பைடு முளைக்கும். குழாய்களைப் பிரிக்க அரைக்க வேண்டும், அரைத்தால் குழாய் உடையும், உடைந்தால் கார்பைடு வரும். இந்தத் துறையின் மொத்த வேதனையும் இந்த ஒரு வட்டத்தில் இருக்கிறது. எவ்வளவு உடைந்தது என்பதை ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி பொருளில் பட்டுச் சிதறுவதை அளக்கும் முறை) பார்க்கலாம். அலையெண் 1580-ஐ ஒட்டி வரும் ஜி சிகரம் ஒழுங்கான சுவரைக் காட்டும், 1350-ஐ ஒட்டி வரும் டி சிகரம் குறைகளைக் காட்டும். அரைக்க அரைக்க டி உயர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கார்பைடு கொஞ்சம் இருந்தால் குழாயையும் உலோகத்தையும் சேர்த்துப் பிடிக்கும், நல்லதுதான். அதிகமானால் இரண்டு தொல்லை. ஒன்று, நொறுங்கும். இரண்டு, தண்ணீர் பட்டால் அலுமினியம் ஹைட்ராக்சைடாகவும் மீத்தேனாகவும் சிதையும். மெருகேற்றிய மாதிரியை மழைக்காலத்தில் மேசையில் விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கும். அதனால் மெருகேற்றும்போது கடைசிக் கட்டத்தில் தண்ணீருக்குப் பதில் ஆல்கஹால்.

உங்கள் எல்எம்25-இல் இருக்கும் 7% சிலிக்கான் இந்தக் கார்பைடை ஓரளவு அடக்கும், அது ஒரு நல்ல விஷயம். ஆனால் நனையாத சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

15 பிப்ரவரி

இந்தப் பொருளே ஏமாற்று என்று சிலர் முடிவுக்கு வந்துவிட்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. செம்பைப் பாருங்கள்.

2005-இல் கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். பொடியோடு பொடியை அடித்துக் கலக்காமல், அமிலத்தில் பதப்படுத்திய குழாய்களைச் செம்பு உப்புக் கரைசலில் போட்டு, குழாயின் மேலேயே செம்பை வளர்த்தார்கள். குழாய் செம்புத் துகளுக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்காமல் உள்ளேயே புதைந்து வந்தது. கன அளவில் 10% குழாயோடு 455 மெகாபாஸ்கல், வெறும் செம்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. பிரித்துக் கலப்பதிலும் பிடிமானத்திலும் உழைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நான் காட்டும் உதாரணம் இது.

அதைவிட எனக்குப் பிடித்தது 2013-இல் ஜப்பானின் ஏஐஎஸ்டி ஆய்வகத்தில் கென்ஜி ஹாட்டா குழு செய்தது. முதல் ஆசிரியர் சந்திரமௌலி சுப்ரமணியம், சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். வரிசையாக அடுக்கிய குழாய்களின் இடுக்கில் மின்முலாம் முறையில் செம்பை நிரப்பினார்கள். கன அளவில் 45% குழாய். அடர்த்தி 5.2, செம்பைவிட வெகு குறைவு. மின்கடத்தல் செம்புக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் தாங்கும் மின்னோட்டம் செம்பைப் போல நூறு மடங்கு. அதிக மின்னோட்டத்தில் எலக்ட்ரான்களே செம்பு அணுக்களைத் தள்ளிக்கொண்டு போய்க் கம்பியை அறுத்துவிடும். குழாய்ப் பரப்பு அந்த அணுக்களை நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. வலிமைக்காகச் சேர்த்தால் ஏமாற்றும் அதே குழாய், அணு நகராமல் தடுக்கிற வேலையை அழகாகச் செய்கிறது.

16 பிப்ரவரி

"அப்படியானால் மின்வண்டி மோட்டாரில் இந்தக் கம்பியைச் சுற்றலாமே?"

பயன் இல்லை. மோட்டார் சுற்றில் ஓடுவது சதுர மில்லிமீட்டருக்கு 5, 10 ஆம்பியர். அணுவைத் தள்ளும் அளவுக்கு வெகு முன்னாலேயே சூட்டில் காப்பு வெந்துபோகும். அங்கே வேண்டியது கடத்தல், தாங்குதிறன் இல்லை. இதற்குச் சரியான இடம் சிப்புக்குள் ஓடும் நுண்கம்பிகள். அங்கே சதுர சென்டிமீட்டருக்கு பத்து லட்சம் ஆம்பியர் என்பது சாதாரணம்.

20 பிப்ரவரி

அந்தக் காலத்து வாளிலேயே நானோகுழாய் இருந்தது என்று வியாபாரி சொன்னாரே, அதை நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள்.

செய்தி உண்மை. 2006-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பவுஃப்ளர் குழு, பெர்ன் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த 17-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் (இந்திய உருக்கில் அடிக்கப்பட்ட, அலைக் கோலம் கொண்ட வாள்) ஒன்றின் துண்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, மிஞ்சியதில் நானோகுழாய்களைக் கண்டது. சிலவற்றின் உள்ளே சிமென்டைட் என்ற இரும்புக் கார்பைடு கம்பிபோல் இருந்தது.

அந்த வாள் அதனால்தான் வலுவானது என்பதற்குச் சான்று கிடையாது. சிவக்கக் காய்ந்த இரும்பு கார்பனைக் கரைத்துக்கொள்ளும். அதனாலேயே இன்றைக்கும் எஃகில் குழாயைச் சேர்த்துக் காப்பாற்றுவது அலுமினியத்தைவிடக் கடினம். அந்த வாளின் அலைக் கோலத்துக்கு அமெரிக்காவின் வெர்ஹோவன், கொல்லர் பென்ட்ரேயோடு சேர்ந்து பல ஆண்டு உழைத்து வேறு விளக்கம் தந்தார். தாதுவில் இம்மியளவு இருந்த வனேடியம் போன்ற தனிமங்கள், திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்கும்போது கார்பைடுகளை வரிசை வரிசையாக உட்கார வைக்கின்றன. எனக்கு இதுதான் ஏற்புடையது.

நம் ஊருக்குப் பெருமை வேண்டுமானால் நானோவைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. தென்னாற்காட்டு மேல்சிறுவளூரில் சாரதா ஸ்ரீனிவாசன் கண்டெடுத்த மூசைத் துண்டுகளில் உயர்கார்பன் உருக்கின் தடயம் இருக்கிறது. இவ்வளவு கார்பன் உள்ள உருக்கை மண் மூசையில் வைத்து உருக்கி, உடையாமல் ஆற்றி எடுத்தார்களே, அந்தக் கைத்திறன் போதும்.

21 பிப்ரவரி

சின்ன விஷயம். குழாய் இவ்வளவு தயாரிக்கிறார்களே, எங்கே போகிறது என்று ஒருவர். பேயர் நிறுவனம் லெவர்கூசனில் ஆண்டுக்கு 200 டன் ஆலை கட்டி 2010-இல் திறந்தது, 2013-இல் இந்தத் தொழிலையே விட்டுவிட்டது. இன்று பெரும்பங்கு லித்தியம் அயனி மின்கலத்தின் மின்முனைக் கூழுக்குப் போகிறது. அங்கே சுமை தூக்க வேண்டாம், மின்சாரத்தைக் கடத்தினால் போதும்.

2 மார்ச்

தம்பி சோதனை செய்து எழுதியிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே போடுகிறேன்: "ஒரே உருக்கிலிருந்து பாதியில் பொடி போட்டும் பாதியில் போடாமலும் பட்டை ஊற்றினோம். போடாத பாதியையும் அதே நேரம் கிளறினோம். வலிமை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பொடி போட்டதில் நீட்சி குறைந்துவிட்டது. கசடு கன்னங்கறேல் என்று வந்தது."

போடாததையும் கிளறினீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பல கட்டுரைகளில் இல்லாத ஒழுங்கு. நீட்சி, அதாவது உடையும் முன் நீளும் அளவு, குறைந்ததற்குக் காரணம் அனேகமாக ஹைட்ரஜன். அந்தப் பொடி காற்றின் ஈரத்தை நிறையப் பிடித்து வைத்திருக்கும், உருக்கில் விழுந்ததும் விட்டுவிடும். உடைந்த முகத்தை லென்ஸில் பாருங்கள், ஊசிமுனை அளவு ஓட்டைகளும் கறுப்புப் புள்ளிகளும் இருக்கும்.

3 மார்ச்

இரண்டு மடங்குதான் வேண்டும் என்றால் அது உங்கள் உலோகத்துக்குள்ளேயே இருக்கிறது. எல்எம்25-ஐ மணலில் ஊற்றினால் 130 முதல் 150 என்றேன். முழு வெப்பச் சிகிச்சை செய்தால் அதே வார்ப்பு 230 முதல் 280 தரும், இரும்பு அச்சில் ஊற்றியது 280-ஐத் தாண்டும். 525 முதல் 545 டிகிரியில் 4 முதல் 12 மணி நேரம், உடனே சுடுநீரில் முக்குதல், பிறகு 155 முதல் 175 டிகிரியில் 8 முதல் 12 மணி நேரம். உலைக் கதவிலிருந்து தொட்டிக்குப் போகும் நேரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். ஊற்றும் முன் ஆர்கான் விட்டு வாயுவை எடுங்கள். டைட்டானியம் போரான் கட்டியும் கொஞ்சம் ஸ்ட்ரான்ஷியமும் சேர்த்தால் நீட்சியும் கிடைக்கும்.

பட்டைகளைப் பாகம் ஊற்றும் அதே உருக்கிலிருந்து எடுங்கள். சிகிச்சை செய்ததையும் செய்யாததையும் சேர்த்தே சோதனைக்கு அனுப்பி, எண்களை இங்கே போடுங்கள்.